இரட்டைக் கதவு

பத்து நாள் மௌன முகாமில், எட்டாம் நாள் காலை மரகதவல்லி விசும்பி அழுதாள். பொருள் பொருளாக வாங்கி வாங்கி அலுத்துப்போய், இனி எதுவும் வேண்டாம் என்று இருக்கக் கற்றுக்கொள்ளத்தான் பள்ளிக்கூட வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். ஏழு நாளும் முட்டி வலித்தது, முதுகு வலித்தது. எட்டாம் நாள் எல்லாம் அடங்கி, மூச்சு மெலிந்து, மனம் முதல்முறையாக ஓய்ந்தது. அந்த ஓய்வுக்குள் ஒரு ஃபிரிட்ஜ் வந்து நின்றது. போன மாதம் கடையில் தொட்டுப் பார்த்துவிட்டு வந்த அதே நீல நிற இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ். எந்தச் சாமியும் அவளுக்கு அத்தனை துலக்கமாகத் தெரிந்ததில்லை.

பயிற்சி தருபவரிடம் மட்டும் ஐந்து நிமிடம் பேசலாம். அந்தப் பெண்ணுக்கு இவள் மகள் வயதுதான் இருக்கும். ஜலதோஷத்தில் மூக்கு சிவந்திருந்தது.

"கண்ண மூடுனா ஃபிரிட்ஜ்தாம்மா நிக்குது. எவ்வளவு தள்ளினாலும் போகமாட்டேங்குது. நான் இதுக்கெல்லாம் லாயக்கில்ல, வீட்டுக்கே போயிடறேன்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. கைக்குட்டையை மடித்தபடி, "நானும் நாலு வருஷமா ஒரு காரைத் தள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன் மேடம், நகரல" என்றாள். பிறகு, "நீங்க தொறந்துதான் பாருங்களேன்" என்றாள்.

மரகதவல்லி தன் விரிப்புக்குத் திரும்பிக் கண்ணை மூடினாள். ஃபிரிட்ஜ் அங்கேயே நின்றது. கைப்பிடியைப் பற்றி இழுத்தாள். உள்ளே எதுவுமில்லை. வெளிச்சம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. குளிர் வந்து முகத்தில் மெல்லப் படிந்தது.

சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் எழுந்துபோனார்கள். மரகதவல்லி அசையவில்லை. கதவை மூட அவளுக்கு மனம் வரவில்லை.