திரும்பிக் கூப்பிடும் கடை

பணம் கட்டும் பக்கம் வரை வந்ததும், பேரக்காரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மடிக்கணினிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

“அத்தான், அதுக்குக் கண்ணு கிடையாது. நீங்க கோவிச்சுக்கிட்டது அதுக்குத் தெரியாது,” என்றான் மனைவியின் தம்பி.

“கடைன்னு ஒண்ணு இருந்தா, போறவன் முதுகு அதுக்குத் தெரியும் மாப்ள. சும்மா இரு, கூப்பிடும்.”

பிறருக்காகப் பேரம் பேசுவது அவர் தொழில். பழைய கார், புதுக் கட்டில், வீட்டு வாடகை, எதுவானாலும் கூடவே போய் விலையை உரித்துக் கொடுப்பார். வீட்டில் மட்டும் தங்கமாட்டார்.

போன மாதம் மனைவி இந்தத் தம்பியின் வீட்டுக்குப் போய்விட்டாள். உட்கார்ந்த இடத்தில் செய்கிற பிழைப்பாக மாற்றினால் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

அதற்குத்தான் இந்த இணையதளம். பேர நுணுக்கங்களை வலைப்பதிவாக எழுதலாம். ஆலோசனையைப் போனிலேயே விற்கலாம். தம்பி மாலை பஸ்ஸில் ஊர் திரும்புகிறான். அதற்குள் தளம் எழுந்து நின்றாக வேண்டும்.

தளம் அமைக்க இடம் தரும் மூன்று நிறுவனங்களைக் காட்டினான். ஒன்று இலவசம், ஆனால் உங்கள் முகவரியின் வாலில் அவர்கள் பெயர் தொங்கும். இன்னொன்று, விற்கிற ஒவ்வொன்றிலும் ஒரு கடி கடித்துக்கொள்ளும். மூன்றாவதில் எழுத இடம், நேரம் குறிக்க நாட்காட்டி, சொந்தப் பெயர் எல்லாம் இருந்தது. விலையும் இருந்தது. அந்த விலைக்குத்தான் இப்போது முதுகைக் காட்டியிருந்தார்.

ஜன்னல் திரை ஊதி ஊதி அடங்கியது. அவருக்குக் கண் செருகியது.

ஒரு நீண்ட கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தார். கால் தரையில் படவில்லை. இருபுறமும் கதவே இல்லாத கடைகள். ஒவ்வொன்றிலிருந்தும் யாரோ எழுந்து கையை நீட்டி, அண்ணே, சார், ஐயா, உங்களுக்காகப் போட்டுத் தர்றேன் என்றார்கள். அவர் திரும்பவில்லை. திரும்பாமல் போகப் போக, உலகமே மெல்ல மெல்ல மலிவாகிக்கொண்டு வந்தது.

‘டிங்’ என்றது.

“அத்தான், மெயில்! ‘பாதியில் விட்டுச் சென்றீர்கள். உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறோம். கால் பங்கு தள்ளுபடி.’ மெஷினே இறங்கி வந்துடுச்சே!”

பேரக்காரர் பாதித் தூக்கத்தில் ராஜா மாதிரி சிரித்தார்.

“போறவங்களைக் கூப்பிடத் தெரியாதவன் கடையே வைக்கக்கூடாது.”

தம்பி சிரிக்கவில்லை. கார்டு எண்ணை அடித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னான்:

“அக்கா அன்னிக்குப் பெட்டியோட வாசல்ல ரொம்ப நேரம் நின்னாளாம். நீங்க உள்ளதான் இருந்தீங்களாம்.”

இருந்தார். கதவிடுக்கு வழியாக அவள் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இன்னும் கொஞ்சம் இறங்கி வருவாள் என்று நினைத்திருந்தார்.

போனை எடுத்து அழுத்தினார்.

மறுமுனையில் எடுத்தாள். பேச்சில்லை, மூச்சு மட்டும்.

முதலில் வாயைத் திறக்கிறவனுக்கு விலை ஏறிவிடும். முப்பது வருடத் தொழிலில் அவர் ஒருமுறைகூட முதலில் வாயைத் திறந்ததில்லை.

“போகாதே,” என்றார், ஒரு மாதம் தாமதமாக.