குழாயில் வந்த பத்திரிகை

மலேசியாவின் தைப்பிங்கில் விடிகாலை மழை விட்டு, கேட்டுக் கம்பிகளில் நீர் சொட்டுகிறது. கேட்டில் கட்டியிருக்கும் பேப்பர் குழாயிலிருந்து நாளிதழை உருவுகிறேன். கூடவே மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்று வழுக்கி விழுகிறது. என் தம்பி மகள் கவிநிலாவின் கல்யாணம். தம்பி தணிகாசலமோ சாலையோரம் காரை உறுமவிட்டபடி கண்ணாடியை மட்டும் இறக்குகிறான். "அண்ணே, பத்திரிகை வச்சிட்டேன். அவசரம் லா, இன்னும் எத்தனையோ வீடு இருக்கு." "இந்தக் குழாய்ல நாளிதழ் வரும், வார இதழ் வரும், தண்ணி பில்லும் வரும். கல்யாணப் பத்திரிகை வராது தம்பி." "எல்லாம் பத்திரிகைதானேண்ணே!" "அப்ப மேடையில பெரியப்பா இடத்துல பேப்பர் போடறவனை நிக்க வை."

உறுமல் அடங்குகிறது. இலைகளிலிருந்து நீர் விழும் ஓசை மட்டும் கேட்கிறது. கார்க் கதவைத் திறந்து, அவன் மனைவி பூங்காவனம் வெற்றிலைத் தட்டோடு இறங்குகிறாள். "தட்டு என் மடியிலதான் இருக்கு, இறங்குங்கன்னேன். கேட்டாரா மாமா உங்க தம்பி?" என்று சிரிக்கிறாள். தணிகாசலமும் இறங்கி வந்து செருப்பைக் கழற்றுகிறான். கீழே கிடந்த பத்திரிகையை எடுத்துக் கம்பி வழியே அவனிடமே நீட்டுகிறேன். ஈரத்தைச் சட்டையில் துடைத்து, தட்டில் வைத்து, இரு கையாலும் ஏந்தி நிற்கிறான். நான் கேட்டை விரியத் திறக்கிறேன்.