மூன்றாம் பொருள்

அடுத்த சொல்லைப் பார்த்ததும் அவள் குரல் நின்றது.

சூம்பு.

எதிரே தாமோதரன் பென்சிலோடு காத்திருந்தார். அகராதி அலுவலகத்தில் மெய்ப்புப் பார்ப்பது இப்படித்தான். அவள் கைப்பிரதியை உரக்கப் படிக்க வேண்டும், புள்ளிகளையும் சேர்த்து. அவர் அச்சுப்படியில் வரிவரியாகப் பின்தொடர்வார்.

எதையும் விடமாட்டார். காலையில்கூடப் பிடித்துவிட்டார்.

“அந்த அரைப்புள்ளிய முழுங்கிட்டீங்களேம்மா. டிபன் சாப்பிடலையா?”

அப்போது சிரித்தாள்.

இப்போது வலது கையை மடியில் இறக்கிக்கொண்டாள்.

கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒரு குழி. போன மாதம் அது இல்லை.

அம்மாவுக்கும் அங்கேதான் தொடங்கியது. பிறகு மணிக்கட்டு. பிறகு தோள். கடைசியில் குரல்.

மருத்துவரிடம் போகவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. இன்னொருவர் கண்ணில் படாதவரை அது வெறும் நிழல்.

படித்தாள்.

“சூம்பு. வினைச்சொல். ஒன்று. பூ, காற்புள்ளி, இலை வாடுதல். முற்றுப்புள்ளி. இரண்டு. காய் வற்றிச் சுருங்குதல். முற்றுப்புள்ளி.”

சொல் பூவிலிருந்து காய்க்கு வந்துவிட்டது. அங்கிருந்து எங்கே போகிறது என்று அடுத்த வரியில் இருந்தது.

மூன்று. கை, கால் சதை வற்றி மெலிதல்.

கண்ணை அதற்கடுத்த வரிக்கு நகர்த்தினாள்.

“ஒப்புநோக்குக. முக்காற்புள்ளி. சாம்பு, காற்புள்ளி, தேம்பு. முற்றுப்புள்ளி.”

ஒரு முழு வரியைத் தாண்டிவிட்டாள்.

காத்திருந்தாள். ‘ஏம்மா’ என்று அவர் ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேலி செய்தால் இன்னும் நல்லது. அது வெறும் பிழையாகிவிடும்.

பென்சில் முனை அந்த வரியின் கீழ் நின்றது.

மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் படபடத்தது.

கேளுங்கள், சார். கேளுங்கள்.

பென்சில் மெல்லக் கீழே இறங்கியது.

“சரிம்மா. அடுத்த சொல்லுக்குப் போங்க.”

அவர் தலையைத் தூக்கவில்லை. அவளுடைய வலப்பக்கம் ஆறிக்கொண்டிருந்த டீ டம்ளரை எடுத்தார்.

அவள் இடக்கைப் பக்கம் வைத்தார்.