ஒன்றிலிருந்து மூன்று வரை

"பன்னெண்டு அம்பத்தெட்டு," என்று சொல்லிக்கொண்டே அப்பாதுரை நோட்டில் எழுதினார். "நேத்து ஒண்ணு பத்து. வழிக்கு வருதுங்க."

வழிக்கு வந்துகொண்டிருந்தவர்கள் அவருடைய பேத்திகள் மகாவும் லீனாவும். ஒன்றரை வயது இரட்டையர். பாயில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்பாதுரை முப்பத்தாறு வருடம் ஃபாக்டரி டைம் ஆபீசில் இருந்தவர். ஆயிரம் பேர் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் நிமிடம் பிசகாமல் குறித்தவர். ஓய்வு பெற்ற பிறகு, மர்பி டவுன் வீட்டில் அவர் பேச்சுக்குக் கட்டுப்பட இந்த இரண்டு பேர்தான் மிச்சம்.

அடுத்த சனிக்கிழமை மைசூர் ரோடு தீம் பார்க்குக்குக் குடும்பத்தோடு போவதென்று முடிவானதுமே அவர் ஓர் அட்டையில் கோடு போட்டு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார். ஏழுக்குக் கார். ஒன்பதேகாலுக்கு இட்லி. பத்துக்குப் பொம்மை ரயில். பன்னிரண்டேகாலுக்குத் தயிர் சாதம். ஒன்றிலிருந்து மூன்று வரை உள்ள கட்டத்தில் மட்டும் 'குழந்தைகள் தூக்கம்' என்று எழுதி, கீழே வெறுமையாக விட்டிருந்தார்.

அந்தத் தூக்கத்துக்குத்தான் இந்த ஒத்திகை. பன்னிரண்டே முக்காலுக்கு மேல் அந்த வீட்டில் குக்கர் விசில் அடிக்கக் கூடாது. மீன்காரர்கூட வாசலில் நின்று விரலால்தான் விலை சொன்னார்.

அட்டவணைக்குப் பக்கத்தில் பழைய போட்டோ ஒன்று தொங்கியது. பொருட்காட்சியில் ராட்டினத் தொட்டிக்குள் அப்பாதுரையும் மூன்று நண்பர்களும் கை தூக்கிக் கத்திக்கொண்டிருந்தார்கள். கீழே ஓரத்தில், கைக்குழந்தையாக இருந்த மகன் நாகேஷை இடுப்பில் வைத்தபடி அவர் மனைவி பாஞ்சாலி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாகேஷ் இப்போது ஒரு மாலில் லிஃப்ட் மெக்கானிக். அவன் தினமும் பார்த்தது போட்டோவை அல்ல, அந்த வெறும் கட்டத்தை.

"மாமாக்கு பேத்திங்க மேல இன்னா பாசம் பாத்தியா," என்றாள் அவன் மனைவி சங்கமித்ரா, மெல்ல. "முழுசா ரெண்டு மணி நேரம். மாமாவும் அத்தையும் தள்ளுவண்டிய பாத்துக்குவாங்க. நாம அந்தப் பெரிய ரோலர் கோஸ்டர்ல ஏறிடலாம்."

"இதுங்க பொறந்ததுல இருந்து நாம ஒரு சினிமாகூட போகல. அந்த ரெண்டு மணி நேரத்த நம்பித்தான் லீவே போட்டிருக்கேன்."

"லீவு கேக்கறப்ப இன்னா சொன்ன?"

"கொழந்தைங்களுக்காகன்னு."

"நானும் அதான் சொன்னேன்."

வியாழக்கிழமை அப்பாதுரை பார்க்குக்கே போன் போட்டார். ரோலர் கோஸ்டரில் ஏற எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று கன்னடத்தில் இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார்.

நாகேஷ் சிரித்தான். "ப்பா, இதுங்க ரெண்டும் ஸ்டூல் ஒசரம்கூட இல்ல. எவன் ஏத்துவான்?"

"தெரிஞ்சி வெச்சிக்கிறதுல இன்னாடா நஷ்டம்," என்றார் அவர். அந்தத் தாளைக் கிழித்து, சமையலறையில் கொடுத்துவிட்டு வந்தார்.

சனிக்கிழமை எல்லாம் அட்டவணைப்படி நடந்தது. பொம்மை ரயிலில் மகா அழுதாள். லீனா முன் சீட்டுக்காரரின் தொப்பியைக் கடித்தாள். தயிர் சாதம் பன்னிரண்டேகாலுக்கே இறங்கியது.

பன்னிரண்டு ஐம்பதுக்குத்தான் சோதனை வந்தது. பக்கத்தில் டிரம் செட் அடிக்க ஆரம்பித்தார்கள். தள்ளுவண்டியில் இரண்டு ஜோடிக் கண்களும் அகலத் திறந்திருந்தன.

"தூங்காதுங்க," என்றாள் சங்கமித்ரா. தலைக்கு மேல் ரோலர் கோஸ்டர் கூச்சலோடு திரும்பியது. நாகேஷ் அதைப் பார்த்தபடியே வண்டியை வெறிபிடித்ததுபோல் முன்னும் பின்னும் ஆட்டினான்.

"வுடுறா. வயிறு கலங்கிடும்," என்றார் அப்பாதுரை. வண்டியை நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். போனை எடுத்துக் குழந்தைகளின் காதருகே வைத்தார். அவர்கள் வீட்டு டேபிள் ஃபேனின் கடகட சத்தம் கேட்டது. அவர் பதிவு செய்து வைத்திருந்தார்.

பன்னிரண்டு ஐம்பத்தொன்பதுக்கு லீனா சாய்ந்தாள். ஒன்று அடித்து ஒரு நிமிடத்துக்கு மகா. "ஒரு நிமிஷம் லேட்டு," என்று அவர் குறித்துக்கொண்டார்.

நாகேஷ் வாட்சைக் கழற்றினான். போனையும் பர்ஸையும் சேர்த்து அம்மாவிடம் நீட்டினான். "இத்த வெச்சிக்கோம்மா. நாங்க ஸ்வல்ப நேரம் அந்தப் பக்கம் நடந்துட்டு வர்றோம்."

பாஞ்சாலி அதை வாங்கவில்லை. குனிந்து, புது கேன்வாஸ் ஷூவின் நாடாவை இறுக்கிக் கட்டினாள். நிமிர்ந்து, கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டு, பையை அவன் நீட்டிய கை மேல் வைத்தாள்.

"வாம்மா சங்கமித்ரா. க்யூ சின்னதாத்தான் இருக்கு."

சங்கமித்ரா ஒரு கணம் நாகேஷைப் பார்த்தாள். பிறகு தன் கைப்பையையும் அதன் மேலேயே வைத்துவிட்டு மாமியாரின் பின்னால் நடந்தாள்.

"இன்னாப்பா இது? நீ போட்ட டைம் டேபிள்ல இது இல்லியே," என்றான் நாகேஷ்.

அப்பாதுரை பெஞ்சில் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார்.

"டைம் டேபிள் போட்டது நான்டா. டூட்டி போட்டது உங்கம்மா."