பொம்மைக்குத் தாலி

கல்யாணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழும் அமுதினியும் டேனியும் தங்கள் குடித்தனத்தையே கிண்டலடித்து ஜெராக்ஸ் போட்டு விற்ற காமிக்ஸ், ஹவுஸ் ஓனர் கைக்குப் போய்விட்டது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் மாடியேறி வந்தார்.

“நான் கட்சிக்காரன்மா. நாலு பேர் வந்துபோற வீடு. இந்தப் பொம்மை கழுத்துல ஒரு தாலியை வரைஞ்சிடு. இல்லன்னா நாளைக்கே காலி பண்ணிடுங்க.”

அமுதினி உடனே வரைந்தாள், மஞ்சள்கூடத் தீட்டினாள். அவருக்குப் பரம திருப்தி. ஆனால் அவள் நிறுத்தவில்லை. காமிக்ஸின் அடுத்த கட்டத்தில் அந்தப் பொம்மைப் பெண் தாலிக்கயிற்றை அவிழ்த்து மொட்டைமாடியின் குறுக்கே கட்டினாள். ஜோடியின் ஜட்டிகள் அதில் காய்ந்தன. நடுவே ஒரு பெரிய வேட்டி.

டேனி பரணிலிருந்து பெட்டிகளை இறக்கத் தொடங்கினான்.

அமுதினி நிமிர்ந்து கேட்டாள். “உங்க வேட்டிக்கு இப்ப எந்தக் கட்சிக் கரை சார் போடட்டும்?”