ஒன்றரைக் கிலோ பொய்

இராமலட்சுமி கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள்.

கமுதிக்குத் தெற்கே, மிளகாய்க் காட்டை நம்பிப் பிழைக்கிற ஊர். அங்கே குழந்தைகள் மையத்தில் அவளுக்கு வேலை. மாதாமாதம் பிள்ளைகளை எடை போட்டு நோட்டில் எழுத வேண்டும். மெலிந்த பிள்ளைக்கு மட்டும் தினமும் ஒரு சத்துமாவு உருண்டை. எடை தேறிவிட்டால் பேரை அடித்துவிட வேண்டும். பேர் போனால் உருண்டையும் போச்சு.

எண்பத்தேழாம் வருசம் மாசி மாதத்தில் ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார் மேற்பார்வையாளர் மீனம்மாள்.

வந்ததும் தாய்மார்களை உட்காரவைத்து, பிள்ளைக்குத் தினம் ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், கீரை, பழம் எல்லாம் கொடுக்கணும் என்று அரை மணி நேரம் பேசினார். மிளகாய் பறிக்கும் கூலிக்காரப் பெண்கள், கேட்கவே நன்றாகத்தான் இருக்கிறது என்று தலையாட்டினார்கள்.

பிறகு பூமயிலின் மூன்று வயது மகன் தனுஷ்கோடியைத் தானே தூக்கித் தராசில் தொங்கவிட்டார். பதினொன்றரைக் கிலோ.

நோட்டைப் புரட்டினார். நேற்றைய தேதியில் பத்துக் கிலோ என்று இருந்தது.

தாய்மார்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஒரே ராத்திரியில ஒன்றரைக் கிலோ ஏறிட்டானா? மாவு யார் வீட்டு மாட்டுக்குப் போகுது?"

அரசாங்க நோட்டில் பொய் எழுதினால் வேலை போவதோடு நிற்காது, கம்பி எண்ண வேண்டிவரும் என்றும் சொன்னார்.

இராமலட்சுமிக்கு முகம் சுண்டிப்போனது.

"மாவு எங்கயும் போகலம்மா, அவன்தான் திங்கிறான். போன வருசம் தேறிட்டான்னு பேரை அடிச்சேன். மூணே மாசத்துல எலும்பும் தோலுமா வந்து நின்னான். மறுபடி சேத்தேன், தேறுனான், அடிச்சேன். பழையபடி சுருண்டு போனான். மூணாவது தடவை அடிக்கக் கை வரல. குறைச்சு எழுதிட்டேன்."

தன்னை வேலையை விட்டு நிறுத்தினாலும் சரி, அவனுக்கு உருண்டையை நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

மீனம்மாள் பேனாவைத் திறந்து பத்தை அடித்தார். பதினொன்றரை என்று திருத்தி, தனுஷ்கோடி பேரின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

அதோடு நிற்கவில்லை. அடுத்த பக்கம் கருத்தம்மாளின் மகள், ஒன்பது கிலோ. அதைப் பன்னிரண்டு ஆக்கினார்.

"அது நெசமாவே ஒம்பதுதாம்மா. வெளியதான் நிக்கிது, தூக்கிப் பாருங்க."

மீனம்மாள் தூக்கிப் பார்க்கவில்லை. அடுத்த பிள்ளைக்குப் போனார். அதற்கடுத்த பிள்ளைக்கும். இராமலட்சுமி ஆறு மாதமாக உருண்டை போட்டும் தேற்ற முடியாத பிள்ளைகள், ரெண்டே நிமிடத்தில் கொழுகொழுவென்று ஆகிவிட்டார்கள்.

வெளியே அத்தனை பேரும் கை கழுவிவிட்டு உருண்டைக்குக் காத்திருந்தார்கள்.

"மெலிஞ்ச பிள்ளையே இல்லாத ஒன்றியம்னு வெள்ளிக்கிழமை நமக்குக் கேடயம் தர்றாங்க" என்றபடி நோட்டை மூடி அவள் கையில் கொடுத்தார் மீனம்மாள். குரலில் இப்போது கோபம் இல்லை.

"இனிமே பொய் எழுதுனா ஏத்தி எழுதிப் பழகு. இறக்கி எழுதினாத்தான் குத்தம்."