நின்ற திருக்கோலம்

"உட்காருங்க" என்று ஆர்.டி.ஓ. அம்மா மறுபடியும் சொன்னபோதும் பஞ்சநதம் உட்காரவில்லை.

விவசாயிகள் குறைதீர்க் கூட்டம். பேராவூரணிப் பக்கத்துக் கடைமடை ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு நாற்காலியைப் பிடித்துவிட்டார்கள். சங்கத் தலைவர் பஞ்சநதம் மட்டும் நட்ட கம்பம் மாதிரி நடுவில் நின்றார்.

"திமிரைப் பாரு. அதிகாரி சொல்லியும் உட்கார மாட்டேங்குறாரு" என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தது அவர் காதிலும் விழுந்தது.

திமிரெல்லாம் இல்லை. அவரால் உட்கார முடியாது. உட்கார்ந்தால் தொடைகளுக்கு நடுவே, சரியாக நாற்காலியில் படுகிற இடத்தில், நெருப்புக் கங்கை வைத்து அழுத்துகிற மாதிரி எரியும். அடிவயிறு வரைக்கும் இழுக்கும். போன சம்பா தண்ணீரில்லாமல் கருகியதிலிருந்து இப்படித்தான். ஸ்கேன், ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றுமில்லை என்றே வந்தது. ஆனால் வலிக்கிற இடம் எது என்று இத்தனை பேர் முன்னால், அதுவும் ஒரு பெண் அதிகாரியிடம், எப்படிச் சொல்வது?

அந்த அம்மா இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சநதத்தின் வாய் முந்திக்கொண்டது.

"கடைமடைக்குத் தண்ணி வந்து சேர்ற வரைக்கும் நான் உட்கார்றதா இல்லைங்க மேடம்."

கூட்டமே கை தட்டியது. திமிர் என்று முணுமுணுத்தவர்தான் எல்லாரையும் விடப் பலமாகத் தட்டினார்.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. அதற்கப்புறம் நிற்பதே அவருக்கு உத்தியோகமாகிவிட்டது. கல்யாண வீட்டில் நின்றுகொண்டே சாப்பிட்டார். பந்தியில் இருந்தவர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கும்பிட்டார்கள். பஸ்ஸில் காலி சீட் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார்; கண்டக்டர் செல்ஃபி எடுத்துக்கொண்டார். துக்க வீட்டில் அவர் நிற்பதைப் பார்த்து, செத்தவரின் மகன்கள் உட்காரக் கூச்சப்பட்டார்கள். பள்ளிக்கூடத்தில் தியாகத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். போய்ப் பேசிவிட்டும் வந்தார்.

குட்டு உடைந்துவிடுமோ என்ற பயம் ஏற ஏற வலியும் ஏறியது. வீட்டுக்கு வந்ததும் குப்புறப் படுத்துவிடுவார். விஷயம் தெரிந்தது மனைவி தங்கமணிக்கு மட்டும்தான். அவள் வெந்நீர் வைத்துக் கொடுப்பாள்; கேள்வி கேட்க மாட்டாள்.

ஆவணிக் கடைசியில் தண்ணீர் வந்தது. வாய்க்கால் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடியது. ஊரே வேட்டு வெடித்துக் கொண்டாடியது. பஞ்சநதத்துக்கு மட்டும் தண்ணீரைப் பார்த்ததும் வியர்த்துவிட்டது.

ரைஸ்மில் களத்தில் பாராட்டு விழா. கல்யாண மண்டபத்திலிருந்து மாப்பிள்ளை நாற்காலியையே தூக்கி வந்து மேடையில் போட்டிருந்தார்கள். சங்கச் செயலாளர் செல்லதுரை மாலை போட்டார். "நம்ம தலைவர் இதோ உட்கார்றாரு" என்று மைக்கில் அறிவித்தார். பிறகு தோளைப் பிடித்து ஒரே அழுத்தாக அழுத்தினார்.

பஞ்சநதத்தின் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது.

"ஆனந்தக் கண்ணீர்" என்றது மைக். பெண்கள் பக்கத்தில் சிலர் அவரோடு சேர்ந்து அழுதார்கள்.

மறுநாள் விடிந்ததும் தங்கமணியைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூருக்கு ஓடினார். டாக்டர் நஃபீசா இந்த மாதிரி வலிகளுக்கென்றே வைத்தியம் பார்க்கிறவர். பொறுமையாகப் பரிசோதித்தார். எப்போது ஆரம்பித்தது, எப்போது கூடுகிறது, அந்த நேரம் மனசில் என்ன ஓடுகிறது என்றெல்லாம் கேட்டார். பயிர் கருகியதையும், அந்தப் பயத்தை யாரிடமும் காட்டாமல் பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்ததையும், பிறகு சபதத்தில் போய் மாட்டிக்கொண்டதையும் பஞ்சநதம் ஒளிக்காமல் சொன்னார்.

பயம் வந்தால் சிலருக்குத் தோள் இறுகும், சிலருக்குத் தாடை இறுகும், இவருக்கு இடுப்புக்கு அடியில் இருக்கிற தசை இறுகிக்கொள்கிறது என்று டாக்டர் விளக்கினார். இறுகினால் வலிக்கிறது, வலிக்குப் பயந்தால் இன்னும் இறுகுகிறது. தளர்த்துவதற்குப் பயிற்சி இருக்கிறது, ஆனால் மனசையும் சேர்த்துத்தான் கவனிக்க வேண்டும் என்றார்.

பஞ்சநதத்துக்குச் சுருக்கென்றது.

"மனசு மனசுன்னா என்ன அர்த்தங்க? அப்ப என் வலி பொய்யா? ஒரு மனுஷன் வலிக்குதுன்னு சொன்னா நம்பணும் டாக்டர்."

"நம்புறேங்க. மனசுக்கும் பங்கு இருக்குங்கறதால வலி பொய்யாயிடாது. உங்களுக்கு நிஜமாவே வலிக்குது."

அவர் முகம் தெளிந்தது. கேட்டுக்கொண்டாயா என்பது போல மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

டாக்டரும் அப்போதுதான் அவளைக் கவனித்தார். "நீங்க ஏம்மா வந்ததுலேர்ந்து நிக்கிறீங்க? சேர் காலியாத்தானே இருக்கு, உட்காருங்க."

"இருக்கட்டும் டாக்டர். எனக்கும் அதே எடத்துலதான் வலி. சின்னவ பொறந்ததுலேர்ந்து."

"சின்னவளுக்கு இப்ப என்ன வயசு?"

"காலேஜ் போறா."

பஞ்சநதம் பதறிப்போனார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொன்னேங்க" என்றாள் தங்கமணி. "எல்லாம் மனசுதான், போயி வேலையப் பாருன்னீங்க. பாத்துக்கிட்டிருக்கேன்."